கிளட்ச்

செருப்பு கழன்று போனதை
எப்போதும் வேறு யாராவதுதான் எனக்குச் சொல்கிறார்கள்.
இன்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
முறுக்குக் கூடைக்காரி:
"யோவ், ஒத்தச் செருப்பு அங்க கீதுபா!"
குனிந்து பார்த்தேன்.
வலது கால் ஜல்லிக் கல் மேல்
வெறுமையாக நின்றிருந்தது,
யார் காலோ போல.

தொடங்கியது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்.
துறைமுக கேட்டுக்காக
முப்பது மணி நேரம் வரிசையில் நின்ற டிரெய்லர்.
பாதம் மரத்தது.
உட்கார்ந்தே கிடந்தால் மரக்காதா என்ன?
மறுநாள் முட்டி, அதற்கும் மறுநாள் இடுப்பு.
வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் ஏறுகிற அதே வரிசை:
வாசற்படி, கட்டில் கால், சுவிட்ச் போர்டு.
கிளீனர் பையன் யாகூப்
என்னை முதுகில் தூக்கிக்கொண்டு
ஸ்டான்லிக்கு ஓடியபோது
மூச்சுக்கு வந்திருந்தது.

நாற்பத்தோரு நாள் மெஷின் எனக்காக மூச்சு விட்டது.
கண் இமை மட்டும் என் வசம்.
ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.
மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தால்
எத்தனை தட்டு என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

டிஸ்சார்ஜ் எழுதிய டாக்டர் பேனாவை மூடினார்.
"நடந்து போறீங்க இல்ல, அதுவே பெருசு."
பெருசுதான். நான் மறுக்கவில்லை.
டீக்கடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள்,
"இன்னா எத்திராஜு, ஆளு சோக்கா கீறியே."
குளித்துத் துவட்டிய களைப்புக்கு
அரை மணி நேரம் தரையில் படுத்துவிட்டுத்தான்
சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தேன்
என்பதை
சட்டை காட்டிக் கொடுக்காது.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
பிசியோதெரபிப் பெண் சொன்னாள்.
இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை
கஸ்தூரியின் தையல் டேப்பால் அளந்தேன்.
மூன்று வருடம் சொச்சம்,
அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் வந்தால்.
எண்ணூர் ரோடே தேவலை.

இரண்டாம் வருடம் மணலி யார்டில்
நின்றிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
ஸ்டியரிங் கைக்குத் தெரிந்தது.
கண்ணாடியில் என் பழைய பிள்ளையார் இன்னும் இருந்தார்.
கிளட்சை மிதித்தேன்.
மிதித்தேனா?
குனிந்து பார்த்தால் மிதித்திருந்தேன்.
பார்க்காதபோது
காலும் இல்லை, கிளட்சும் இல்லை.
முதலாளி நல்லவர். கேட்டில் நாற்காலி போட்டார்.
இப்போது உள்ளே வருகிற கன்டெய்னர்களின்
நாலு எழுத்து ஏழு எண்ணை
நோட்டில் எழுதுகிறேன்.
ஓட்டிப் போகிறவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

ராத்திரிகளில் கஸ்தூரி
துடைப்பக் குச்சியால் தொட்டுக் கேட்பாள்,
"இது எந்த வெரலு?"
எனக்குக் குச்சி தெரியாது, அவள் முகம் தெரியும்.
எந்தப் பக்கம் கண் போகிறது,
எந்த வளையல் நகர்கிறது.
அதைப் படித்துச் சொல்வேன்.
சரியாகச் சொன்னால்
அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுவாள்.
ஒரு நாள் கேட்டாள். சொன்னேன், "சுண்டு வெரலு."
குச்சி அவள் மடியில் இருந்தது.
தொடவே இல்லை.
ஒன்றும் பேசாமல் எழுந்து
விளக்கை அணைத்தாள்.
அப்புறம் கேட்பதில்லை.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
முறுக்குக்காரி செருப்பைக் காலால் தள்ளிவிட்டாள்.
"பின்னால வார் வெச்சது வாங்கிக்கோபா,
சின்னப் பசங்க போடுறாப்ல."
அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டாள்.

நுழைக்கக் காலைத் தூக்கினேன்.
நடுப் பாதத்தில், ஒரு மிளகு அளவுக்கு,
குத்தியதா?
கல் குத்தும் என்று எனக்குத் தெரியும் என்பதால்
குத்தியது போல இருந்ததா?
கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹார்ன்.
செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டேன்.

இன்று ராத்திரி
குச்சியை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்.
கண்ணை மூடிக்கொண்டு.
தெரியவில்லை என்றால்
தெரியவில்லை என்று.